பால் இல்லாத 30 நாள்: எந்தத் தாவரப்பால், எப்படி, எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஹோல்-30’ என்பது 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய விலக்கு உணவுமுறை. சில உணவுகளை 30 நாள் முற்றாக நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பது அதன் நோக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இதைத் தொடங்குகிறவர்களுக்குச் சோற்றை விடுவதுதான் பெரிய பாடு என்று தோன்றும். ஆனால் முதலாம் நாள் காலையிலேயே முட்டுவது பால் தேத்தண்ணி. அதற்குப் பதிலாக எதை ஊற்றுவது என்ற கேள்விக்கும், அதன் பின்னால் வருகிற கேள்விகளுக்கும் கீழே பதில்கள்.

எதெல்லாம் விலக்கு?

சீனி, கருப்பட்டி, கித்துள் பாணி, தேன் உட்பட சேர்க்கப்படும் எல்லா இனிப்பும், சீனிக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பும், ஸ்டீவியாவும், மதுபானம், அரிசி, கோதுமை, குரக்கன், சோளம், ஓட்ஸ் முதலான தானியங்கள், பருப்பு, கடலை, கௌபி, சோயா, கச்சான் முதலான அவரை வகைகள், பாலும் பாலில் இருந்து வரும் தயிர், சீஸ், பட்டர் எல்லாமும். பாலில் இருந்து வருவதில் நெய்க்கு மட்டும் அனுமதி உண்டு, ஏனென்றால் உருக்கி வடிக்கும்போது பால் புரதமும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் அநேகமாக நீங்கிவிடும். போஞ்சி அவரைக் குடும்பம் என்றாலும் பச்சைக் காயாகச் சாப்பிடுவதால் விலக்கில்லை.

அப்படியென்றால் எந்தத் தாவரப்பால் சரி?

தேங்காய்ப்பால், கஜுப்பால், பாதாம்பால், எள்ளுப்பால் சரி. சோயாப்பால், கச்சான்பால், ஓட்ஸ்பால், அரிசிப்பால் சரிவராது. முதல் இரண்டும் அவரை இனம், அடுத்த இரண்டும் தானியம். சரியான பட்டியலில் உள்ளதுகூட சீனியோ பால்மாவோ கலந்து வந்தால் வெளியே போய்விடும்.

எங்கள் தீர்ப்பு: இங்கே இருக்கிறவர்கள் தேங்காய்ப்பாலை முதலாகவும், கஜுப்பாலை மாற்றாகவும் வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் திருவிப் பிழிந்த பாலில் தேங்காயும் தண்ணீரும் மட்டும்தான் இருக்கும். விலக்கு உணவில் அதைவிடப் பெரிய வசதி வேறில்லை. 30 நாளும் உள்ளே போனது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் 31ஆம் நாள் செய்யும் சோதனைக்குப் பெறுமதி.

தேங்காய்ப்பால் பிழிய சரியான அளவு என்ன?

நடுத்தரமான ஒரு முற்றின தேங்காயில் ஏறத்தாழ 200 முதல் 250 கிராம் தேங்காய்ப்பூ கிடைக்கும். அதற்கு:

முதற்பால்: 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர். இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசைந்து, துணியில் முறுக்கிப் பிழியுங்கள். ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் கெட்டிப்பால் வரும்.

இரண்டாம் பால்: அதே பூவுக்கு 250 மில்லிலீற்றர் நீர். குழம்பு அவிக்கவும் தேத்தண்ணிக்கும் இது போதும்.

மூன்றாம் பால்: இன்னொரு 250 மில்லிலீற்றர். கிழங்கு அவிக்க மட்டும்.

நீரின் சூடுதான் இதில் முக்கியம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியசில் உருகும். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த பூவில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொழுப்பு இறுகியபடியே சக்கையில் தங்கிவிடும், பால் தண்ணியாக வரும். மாறாக, கொதிநீர் ஊற்றினால் புரதம் வெந்து, பால் மணல் மணலாகப் பிரியும். விரலை வைத்தால் தாங்கக்கூடிய சூடு, அதாவது 40 முதல் 50 பாகை, சரியான அளவு.

பிளெண்டரில் அடிப்பதானால் 20 விநாடி வீதம் இரண்டு தடவை போதும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரியத் தொடங்கும். தும்பும் மாவாகி வடியால் இறங்கும், பால் தொண்டையில் கரகரக்கும். ஓட்டுப் பக்கத்துக் கபிலத் தோல் வரும்வரை திருவினால் பால் மங்கலாகி மெல்லிய கசப்பு வரும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, ஆனால் தேத்தண்ணிக்கு நன்றாயிராது.

உடைத்ததும் தேங்காயை மணந்து பாருங்கள். சிக்கு வாடை லேசாக இருந்தாலும் அதைப் பாலுக்கு எடுக்கவேண்டாம். பாலில் அந்த வாடை இன்னும் தூக்கலாகத் தெரியும்.

சொதி திரைந்து போகிறது. எதனால்?

மூன்று காரணங்களில் ஒன்று. முதற்பாலை ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்க விட்டிருப்பீர்கள்; தேங்காய்ப்பால் புரதம் 80 பாகைக்கு மேல் இறுகி, கொழுப்பைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடும். அல்லது அடுப்பில் இருக்கும்போதே தேசிக்காய்ப்புளி விட்டிருப்பீர்கள். அல்லது பிரிஜ்ஜில் இருந்த பாலை நேரே கொதிக்கும் சட்டியில் ஊற்றியிருப்பீர்கள்.

வழி இதுதான். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம், கறிவேப்பிலையை இரண்டாம் பாலில் அவியுங்கள். வெந்ததும் நெருப்பைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் ஒரே பக்கமாகத் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சிறு குமிழி எழும்பியதும் இறக்குங்கள். உப்பு அதற்குப் பிறகு, புளி எல்லாவற்றுக்கும் கடைசியில், கை பொறுக்கும் சூட்டில். வெந்தயம் அவரை இனத்து விதை என்றாலும் வாசனைப் பொருளாகப் போடும் அளவுக்குத் தடையில்லை. பெருங்காயம் போடுகிறவர்கள் டப்பாவைப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். கடைக் கறித்தூளில் வறுத்த அரிசி சேர்ப்பதும் உண்டு.

இந்தச் சொதியோடு அவித்த மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, ஈரப்பலாக்காய் எதையும் சாப்பிடலாம். மூன்றும் தானியம் அல்ல.

தேத்தண்ணிக்குள் தேங்காய்ப்பால் ஊற்றினால் மிதக்கிறதே?

சாயத்தில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதும், சூட்டு வித்தியாசமும் சேர்ந்து அப்படி ஆகும். சாயத்தை வழக்கத்தைவிட மென்மையாக, மூன்று நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல் வடியுங்கள். இரண்டாம் பாலைத் தனியே வெதுவெதுப்பாக்கி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றி அதன்மேல் சாயத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரு கோப்பைக்கு 50 மில்லிலீற்றர் போதும். கொழுப்பு மேலே கண்ணாடி போலத் தெரிந்தால் பால் கெட்டி அதிகம். இஞ்சியும் ஏலக்காயும் போட்டால் சீனி இல்லாத குறை பாதி தெரியாது.

பால்மாத் தேத்தண்ணியின் சுவை இதில் வராது. அதை எதிர்பார்த்துக் குடித்தால் மூன்றாம் நாளே வெறுத்துவிடும். முதல் கிழமை வெறுந்தேத்தண்ணியோடு இருந்துவிட்டு இரண்டாம் கிழமையில் தேங்காய்ப்பாலைத் தொடங்குவது இன்னும் நல்லது.

பிழிந்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

எங்கள் வெக்கையில் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பிரிஜ்ஜில் மூடிவைத்தால் 24 மணித்தியாலம், கூடியது இரண்டு நாள். மேலே வெள்ளைக் கட்டி படிவது கொழுப்பு இறுகியதுதான்; வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கலக்கினால் சேர்ந்துவிடும். புளித்த வாடையோ, ஓரத்தில் நுரையோ, வழுவழுப்போ இருந்தால் ஊற்றிவிடுங்கள்.

ஒரு காய் முழுவதையும் ஒரே நாளில் முடிக்க முடியாத சிறு குடும்பத்துக்கு ஐஸ் தட்டு கைகொடுக்கும். முதற்பாலை அதில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஒரு மாதம் வரை பாவியுங்கள். உருகியதும் பிரிந்தாற்போல் தெரியும், கறிக்குப் போட்டால் வித்தியாசம் தெரியாது. தேத்தண்ணிக்கு மட்டும் அது சரிவராது.

தேங்காய்ப்பால் மா பக்கற் பாவிக்கலாமா? அதுவும் தேங்காய்தானே?

பலர் தடுக்கி விழுகிற இடம் இது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் அதைத் தனியே மாவாக உலர்த்தினால் எண்ணெய்ப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, உலர்த்தும்போது கொழுப்புத் துளிகளைச் சுற்றி வேறொன்றைப் பூசவேண்டும். வழக்கமாகச் சேர்ப்பவை இரண்டு: மால்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட். முதலாவது சோளம் போன்றவற்றின் மாப்பொருளில் இருந்து எடுப்பது. இரண்டாவது பசுப்பாலின் புரதம்.

பக்கற்றின் முகப்பில் தேங்காய் மரம் இருக்கும், பின்பக்கத்தில் பால் இருக்கும். பாலை விட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டு நாளுக்கு இரண்டு கரண்டி பால் புரதம் கலந்த மாவைக் கறியில் போட்டால், தோல் கடியோ மூக்கடைப்போ ஏன் குறையவில்லை என்று 30 நாளும் குழம்பிக்கொண்டிருக்க நேரும். பால் ஒவ்வாமை உறுதியாக உள்ள ஒருவருக்கு அது குழப்பத்தோடு நிற்காது, ஆபத்தாகவே முடியலாம். ‘நொன் டெயரி’ (பால் அற்றது) என்று எழுதிய கோப்பி வெள்ளையாக்கிகளிலும் இதே கேசினேட் அடிக்கடி இருக்கும்.

டின்னிலும் காகிதப் பெட்டியிலும் வரும் தேங்காய்ப்பால்?

மாவைவிட நல்லது, ஆனால் லேபலை வாசித்துத்தான் வாங்கவேண்டும். சேர்மானப் பட்டியல் எடைக் கிரமத்தில் இருக்கும். தேங்காய்ச் சாறும் தண்ணீரும் முதலில் வந்து, அதற்குப் பின் ஒன்றிரண்டு பெயரோடு முடிந்தால் நல்ல அடையாளம்.

தேடவேண்டிய சொற்கள் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் ஒலி இதுதான்: கேசினேட், கேசின், வே, லாக்டோஸ், மில்க் சொலிட்ஸ் என்றால் பால். சுகர், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், சிரப், மால்ட் என்றால் இனிப்பு. இவற்றில் எது இருந்தாலும் தட்டிலேயே திரும்ப வையுங்கள். குவார் கம், சாந்தன் கம் போன்ற தடிப்பாக்கிகளுக்குத் தடையில்லை. கராஜீனன் என்ற கடற்பாசிப் பசை முன்பு ஹோல்-30இல் விலக்காக இருந்தது, பின்னர் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். வயிறு ஊதல்தான் உங்கள் முறைப்பாடு என்றால் எல்லாப் பசைகளையுமே இந்த 30 நாளுக்குத் தள்ளிவைப்பது எங்கள் ஆலோசனை.

கொழுப்பு வீதத்தையும் பாருங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி தேங்காய்ப்பாலில் குறைந்தது 10 வீதமும், தேங்காய் கிரீமில் 20 வீதமும், ‘லைட்’ தேங்காய்ப்பாலில் 5 வீதமும் கொழுப்பு இருக்கவேண்டும். 2 வீதம் என்று போட்டிருப்பது நீர் கலந்து சுவையூட்டிய பானம், கறிக்கு ஆகாது. லைட் வாங்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை: ஒரு பெட்டி கெட்டிப்பால் வாங்கி வீட்டில் ஒரு மடங்கு நீர் சேர்த்தால் அதேதான், காசும் மிச்சம்.

கஜுப்பால் எப்படிச் செய்வது?

மட்டக்களப்பின் மணல் நிலத்தில் மரமுந்திரிகை நன்றாக விளையும், ஆகவே நல்ல பருப்பு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பாலுக்கு முழுப்பருப்பு தேவையில்லை. உடைந்த துண்டுப் பருப்பு விலை குறைவு, அரைக்கத்தானே போகிறோம். உப்புப் போட்டுப் பொரித்ததை எடுக்காதீர்கள். தோடு நீக்காத கொட்டையை வீட்டில் உடைக்கவும் வேண்டாம். தோட்டில் உள்ள எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும்.

அரைக் கப், அதாவது ஏறத்தாழ 65 கிராம் பருப்பை நான்கு மணித்தியாலம் ஊறவையுங்கள். அவசரத்துக்குச் சுடுநீரில் அரை மணித்தியாலம். ஊறிய நீரை ஊற்றிவிட்டுக் கழுவி, முதலில் அரைக் கப் நீர் மட்டும் விட்டு விழுதாக அரையுங்கள். முழு நீரையும் ஒரேயடியாக விட்டால் பருப்பு சுற்றிக்கொண்டே திரியும், அரைபடாது. விழுது விரலில் நறநறக்காமல் வந்ததும் இன்னும் இரண்டு கப் நீர் விட்டு ஒரு சுற்று. வடிக்கத் தேவையில்லை. பிரிஜ்ஜில் மூன்று நாள் இருக்கும்.

சூடாக்கும்போது கவனம். கஜுவில் மாப்பொருள் இருப்பதால் கொதித்தால் கூழாகிவிடும். குழம்பைத் தடிப்பாக்க அது நல்லது, தேத்தண்ணிக்குக் கெடுதல். வயிறு ஊதுகிறவர்களுக்குக் கஜு சிலவேளை ஒத்துவராது, குடலில் நொதிக்கும் சர்க்கரை வகைகள் அதில் கூடுதலாக உண்டு. அப்படியானால் ஒரு கிழமை கஜுவை மட்டும் நிறுத்திப் பாருங்கள், வேறெதையும் மாற்றாமல்.

பாதாம், எள்ளு?

பாதாம் இறக்குமதி, விலை கூட. ஒரு கப்பை இரவு முழுக்க ஊறவைத்துத் தோல் உரித்து, மூன்று கப் நீரில் அரைத்து வடியுங்கள். அவ்வளவே.

எள்ளுப்பாலுக்குத் தோல் நீக்கிய வெள்ளை எள்ளு கால் கப், நீர் இரண்டு கப். தோலோடு அரைத்தால் கசக்கும். எள்ளில் கல்சியம் நிறைய என்பது மெய், ஆனால் அது பெரும்பாலும் தோலில், ஒக்சலேற் என்ற, கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருளோடு கட்டுண்டு கிடக்கிறது. உடம்பு எடுப்பது கொஞ்சம்தான். கஜு, பாதாம், எள்ளு மூன்றுமே ஒவ்வாமை தரக்கூடியவை என்பதையும் மறக்கவேண்டாம்.

‘சீனி சேர்க்காதது’ என்று எழுதிய ஓட்ஸ்பால் இனிக்கிறதே?

ஓட்ஸின் மாப்பொருளை நொதியம் போட்டு உடைக்கும்போது மோல்டோஸ் என்ற சர்க்கரை பாலுக்குள்ளேயே உண்டாகிறது. வெளியில் இருந்து சீனி சேர்க்கவில்லை என்பது உண்மை. தானியம் என்பதால் இந்த 30 நாளில் எப்படியும் விலக்கு.

பேரீச்சம்பழம் அரைத்துப் பாலை இனிப்பாக்கலாமா?

பழம் என்ற வகையில் விதி தடுக்காது. ஆனால் மூன்று வேளையும் பேரீச்சம்பழப் பால் குடித்தால் சீனிப் பழக்கம் அப்படியே இருக்கும். அதை அறுப்பதற்குத்தான் இந்த முறை. பழத்தைப் பழமாக, சாப்பாட்டோடு சாப்பிடுங்கள்.

பாலை விட்டால் கல்சியம், புரதம் எங்கிருந்து வரும்?

தேங்காய்ப்பாலில் இருந்து வராது. ஒரு கோப்பை பசுப்பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கல்சியமும் 8 கிராம் புரதமும் உண்டு. அதே அளவு தேங்காய்ப்பாலில் கல்சியம் 40 மில்லிகிராம் அளவுதான், புரதமும் பாதிக்குக் கிட்டத்தான். வெள்ளையாக இருப்பதால் அதைப் பாலின் இடத்தில் வைத்து நிம்மதியடைய முடியாது. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும்.

கரையில் வாழ்கிறவர்களுக்கு விடை சந்தையிலேயே இருக்கிறது: நெத்தலி, சூடை போன்ற சிறு மீனை முள்ளோடு மென்று சாப்பிடுவது. முருங்கை இலை 100 கிராமில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கல்சியம். பசளியில் கல்சியம் இருந்தாலும் ஒக்சலேற் தடுத்துவிடும். மீன், முட்டை இரண்டையும் தொடாத சைவக்காரர், பருப்பையும் பாலையும் சேர்த்து நிறுத்தினால் புரதத்துக்கு வழியே இராது. அவர்களுக்கு இந்த முறையை நாங்கள் சொல்வதில்லை.

கொலஸ்ட்ரோல் உள்ளவர் தேங்காய்ப்பால் குடிக்கலாமா?

கெட்டிப்பால் 100 மில்லிலீற்றரில் 20 கிராமுக்குக் கிட்டக் கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. ஆகவே முதற்பாலை நாளுக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, மற்றதற்கு இரண்டாம் பாலும் கஜுப்பாலும் பாவியுங்கள். மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்.

யார் தொடங்கக்கூடாது?

நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவரும் தாங்களாகத் தொடங்கவே கூடாது. சோறு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் இரத்தச் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரக நோயாளர், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் முதலில் கிளினிக்கில் கேட்கவேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ வைத்தியர் சொன்ன பால்மாவுக்கோ பதிலாகத் தேங்காய்ப்பாலோ கஜுப்பாலோ கொடுக்கக்கூடாது, ஒரு கிழமைக்குக்கூட. பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நோன்பு மாதத்தில் தொடங்குவதும் உசிதமில்லை. நோன்புக் கஞ்சியில் அரிசி இருக்கிறது, நீண்ட பசிக்குப் பின் உணவை இன்னும் சுருக்கினால் உடம்பு தளரும். பெருநாள் முடிந்து ஒரு கிழமை விட்டுத் தொடங்கலாம்.

31ஆம் நாள் பாலை எப்படித் திரும்பச் சேர்ப்பது?

பாலுக்கென்று ஒரு தனி நாள். அன்று வேறு எந்த விலக்குணவும் சேரக்கூடாது: பால் தேத்தண்ணியில் சீனி போட்டால் சோதனை கெட்டது. காலையில் சீனி, பாணி இல்லாத எருமைத் தயிர் அரைக் கப். மதியம் வரை ஒன்றும் இல்லையென்றால் பின்னேரம் ஒரு கோப்பை பால். அடுத்த இரண்டு நாள் பழைய விலக்கு உணவுக்கே திரும்பி, வயிறு, தோல், மூக்கு, நித்திரை நான்கையும் கொப்பியில் குறியுங்கள்.

தயிர் ஒத்துக்கொண்டு, பால் குடித்த பிறகு மட்டும் ஊதலும் வயிற்றோட்டமும் வந்தால் லாக்டோஸ் மீது சந்தேகம். தயிரில் கிருமிகள் அதில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றிருக்கும். இரண்டுக்கும் தோலில் தடிப்போ கடியோ வந்தால் புரதத்தின் மீது சந்தேகம், வைத்தியரிடம் போகவேண்டும். முன்பு எப்போதாவது பாலுக்கு உதடு வீங்கி, மூச்சு முட்டியிருந்தால் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

சோயாப்பாலைப் பருப்பு வகைகளைச் சேர்க்கும் நாளிலும், ஓட்ஸ்பாலைத் தானியம் சேர்க்கும் நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இனிப்பில்லாததாக இருக்கட்டும்.

பசுப்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால், எருமைப்பால் குடிக்கலாமா?

லாக்டோஸ் மூன்றிலும் உண்டு. புரதங்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம் என்பதால் பசுப்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. அவர்களுக்குத் தேங்காய்ப்பாலும் கஜுப்பாலும் 30 நாளோடு முடியாது. கல்சியத்துக்கு என்ன செய்வதென்று வைத்தியரோடு பேசித் தொடரவேண்டும்.